ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே மடல்

எங்கள் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஆறு பேருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு மடலாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது உங்களில் ஒருவரிடம் மட்டும் சொன்னால் புரியாத விஷயம். தனித்தனியாகப் பார்த்தால் உங்களில் யார்மீதும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் கொடுக்கும் வீட்டுப்பாடம் நியாயமான அளவில்தான் இருக்கிறது. ஆறையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்தக் கூட்டலை வாராவாரம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நான் போட்டுப் பார்க்கிறேன். அதனால் நானே எழுதுகிறேன்.

போன மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்காது. உங்களுக்கு அது சாதாரண வெள்ளி. எங்களுக்கு அன்று நான்கு அசைன்மென்ட்டுக்குக் கெடு. ஒரு கட்டுரை, ஒரு லேப் ரெக்கார்டு, ஒரு கணக்குத் தாள், அப்புறம் குழுவாகச் செய்ய வேண்டிய புராஜெக்டின் முதல் பகுதி. கொடுக்கும்போது நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொன்னீர்கள்: "ரெண்டு மணி நேர வேலைதான், உட்கார்ந்தா முடிஞ்சிடும்." அந்த வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எனக்குக் கடையில் மாலை ஷிப்ட். ஐந்தரைக்கு உள்ளே போனால் பத்தரைக்கு வெளியே. உட்காரத்தான் நேரம் கிடைக்கவில்லை.

வேலைக்கு ஏன் போகிறாய் என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். "படிக்க வந்தியா, சம்பாதிக்க வந்தியா?" என்று வகுப்பில் ஒருமுறை கேட்கப்பட்டது. விளையாட்டாகக் கேட்டதுதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சம்பாதித்தால்தான் படிக்க வர முடிகிறது என்பது உண்மையான பதில். கட்டணத்தில் பாதியை வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள். மீதியும், புத்தகமும், போக்குவரத்தும், போன் ரீசார்ஜும் என் பொறுப்பு. இதில் தியாகக் கதை எதுவும் இல்லை. பில் போடும் மேசையில் நின்று கற்றுக்கொண்டதும் கொஞ்சம் உண்டு: கோபமாக வரும் ஆளிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது, நாள் முடிவில் கல்லாக் கணக்கைப் பிசகாமல் ஒப்படைப்பது. முதலாம் ஆண்டில் எழுந்து நின்று பெயர் சொல்லவே திணறிய நான் இப்போது செமினாரில் பதினைந்து நிமிடம் பேசுகிறேன் என்றால் அதில் கடைக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே வேலையை விட்டுவிடு என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

வேலை அளவு மீறினால் படிப்பைத் தின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், சான்ஃபோர்ட் டார்ன்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள்: வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு மதிப்பெண்ணும் குறைவு, படிப்பில் ஒட்டுதலும் குறைவு. வேலையால் படிப்பு கெட்டதா, படிப்பில் பிடிப்பில்லாதவர்கள் வேலைக்கு அதிகம் போனார்களா என்ற வாதம் அதற்குப் பிறகும் நடந்தது. ஆனாலும் அந்த 20 என்ற எண்ணைச் சுற்றித்தான் பல இடங்களில் விதிகளும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு பிரிட்டனில் பட்டப்படிப்பின்போது வகுப்பு நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம், கனடாவில் 2024 நவம்பரிலிருந்து 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். நானும் என்னளவில் 20ஐத் தாண்டுவதில்லை. கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் கூடுதல் ஷிப்ட் கேட்டாலும் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

கவனித்தீர்களா, இந்த விதிகளெல்லாம் வேலையைத்தான் எண்ணுகின்றன. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலை நேரத்துக்கு வரம்பு போட்டதுதான்: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. வீட்டுப்பாடத்துக்கு அப்படி ஒரு எண்ணை யாரும் எங்களுக்கு எழுதிக் காட்டியதில்லை. கடையில் ஷிப்ட் முடிந்த பிறகும் என்னை நிறுத்தி வைத்தால் கூடுதல் சம்பளம் கேட்கலாம். இரண்டு மணி நேரக் கட்டுரை ஆறாவது மணி நேரத்துக்குள் நுழைந்தால் யாரிடம் கேட்பது?

சரி, கணக்குக்கு வருகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரத் தூக்கத்துக்கு 56 போனால் 112. படிப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? ஐரோப்பாவின் கல்விப் புள்ளி முறையில் முழுநேர மாணவருக்கு ஓராண்டுக்கு 60 புள்ளி. ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதற்குள் அடக்கம். ஆக ஓராண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். அதை 40 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 37.5 முதல் 45 வரை வரும். நான் 40 என்று வைத்துக்கொண்டேன்: எங்கள் வகுப்பு நேரம் 24, வெளியே படிக்க 16. மீதி 72. கடைக்கு 20 போக 52. போய்வர வாரத்துக்கு 12. மிஞ்சுவது 40. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, வீட்டு வேலை என்று நாளுக்கு 3 மணி நேரம் வைத்தால் அதில் 21 கழியும். கடைசியில் கையில் நிற்பது 19 மணி நேரம்.

நாளுக்கு மூன்று மணி நேரம்கூட வரவில்லை, பரவாயில்லை. காய்ச்சல் வந்தாலும், உறவினர் யாராவது மருத்துவமனையில் இருந்தாலும், நண்பன் மனம் உடைந்து போன் செய்தாலும் இதற்குள்தான். அதுவும் பரவாயில்லை. நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து அந்த 16 மணி நேரத்துக்குள் நின்றால் எனக்கு இந்த மடலே தேவையில்லை.

நிற்கவில்லை. போன மாதம் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்தேன். படிக்க உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், என்ன முடிந்தது, அவ்வளவுதான். முதல் வாரம் 27 மணி நேரம், இரண்டாவது வாரம் 24. "ரெண்டு மணி நேர" ரெக்கார்டுக்கு ஐந்தே கால் மணி நேரம் ஆனது. அதில் படம் வரைந்து கோடு போட மட்டும் ஒன்றரை மணி நேரம். நான் மட்டும் மெதுவோ என்று சந்தேகம் வந்து, வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒருவரிடம் கேட்டேன். அவருக்கு நாலரை. எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது, அவருக்குத்தான் எரிச்சல்.

உங்கள் மதிப்பீடு தவறுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித சுபாவம். ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குக்கூட 49 நாளுக்குள்தான் சொன்னார்கள். ஆனதோ 55 நாளுக்கு மேல். தன் வேலைக்குத் தானே போடும் கணக்கே இப்படி என்றால், ஒருவர் வேலைக்கு இன்னொருவர் போடும் கணக்கு எப்படி இருக்கும்? அதற்கும் பதில் இருக்கிறது. பமீலா ஹிண்ட்ஸ் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வேலையில் கைதேர்ந்தவர்கள் புதியவர்களுக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே சொல்கிறார்கள் என்று காட்டியது. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு பாதி: அரைகுறையாகப் பழகியவர்கள் நிபுணர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். இருபது ஆண்டாக அந்தப் பாடத்தை நடத்தும் உங்களுக்கு அது இரண்டு மணி நேரமாகத் தெரிவதில் தப்பில்லை. போன வருடம் அதே அசைன்மென்ட்டைச் செய்த சீனியர் ஒருவரைக் கேட்டிருந்தால் "அஞ்சு மணி நேரம் சார்" என்று சொல்லியிருப்பார்.

நேரம் குறைவு என்பதுகூட என் முதல் புகார் இல்லை. எப்போது என்று தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், வேலைக்குப் போகாத யாருக்கும் இது கண்ணில் படாது.

கடையில் அடுத்த வாரத்தின் ஷிப்ட் பட்டியல் வியாழக்கிழமை மதியம் ஒட்டப்படும். புதன் இரவுக்குள் சொன்னால் மேலாளர் நாள் மாற்றித் தருவார். அவர் நல்ல மனிதர், பரீட்சை என்றால் கேள்வியே கேட்க மாட்டார். பட்டியல் ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் நானே ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவருடைய ஞாயிற்றுக்கிழமையை நான் பார்க்க வேண்டும். இப்போது உங்கள் பக்கம் பாருங்கள். திங்கள் வகுப்பில் "வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணிடுங்க" என்கிறீர்கள். நாலு நாள் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். என் திங்கள் முதல் வெள்ளி வரை போன வியாழக்கிழமையே விற்றுப் போய்விட்டது. இதே அசைன்மென்ட்டை இரண்டு வாரத்துக்கு முன் சொல்லியிருந்தால் ஒரு ஷிப்டை நகர்த்தியிருப்பேன், நீங்கள் ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தந்திருக்க வேண்டாம். கெடுவை நீட்டிக் கேட்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். தேதியை முன்னால் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ராத்திரி 11:59 கெடு பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுக்கத் தருகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதை வைக்கிறீர்கள். பத்தரைக்கு ஷிப்ட் முடிந்து பதினொன்றே காலுக்கு வீடு சேரும் ஆளுக்கு அந்த நேரத்தில் கிடைப்பது நாற்பது நிமிடம், அதுவும் இணையம் ஒழுங்காக இருந்தால். தேதியை மாற்ற வேண்டாம், மறுநாள் காலை ஒன்பது என்று எழுதினால் போதும். எப்படியும் நள்ளிரவில் நீங்கள் திருத்த உட்காரப் போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் "நாளைக்கு இதையும் படிச்சிட்டு வாங்க" பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் அதைக் காலையில் வகுப்புக்குள் நுழையும்போதுதான் பார்க்கிறேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

"இடையில் கிடைக்கிற நேரத்தில் படிக்கலாமே" என்று அக்கறையோடு சொல்பவர்கள் உண்டு. வகுப்பு முடிந்து ஷிப்டுக்கு இடையே 40 நிமிடம், இடைவேளையில் 15 நிமிடம், பயணத்தில் அரை மணி. கூட்டினால் பெரிய தொகை வரத்தான் செய்கிறது. ஆனால் சில்லறை நேரத்தில் எல்லாப் பொருளும் வாங்க முடியாது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். கட்டுரையின் இரண்டாவது பத்தியில் நின்ற மனத்தோடு போய் பில் மேசையில் நின்றால் இரண்டுமே கெடும். சொற்களை மனப்பாடம் செய்ய, போன பாடத்தை ஒருமுறை நினைவில் ஓட்டிப் பார்க்க அந்த 15 நிமிடம் அருமையானது. கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் ஆகாது. இதை நீங்கள் எங்களுக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம். வாரத்துக்கு ஒரு பெரிய தாளுக்குப் பதில், இடைவேளையில் நின்றபடி செய்யக்கூடிய ஐந்து சின்னக் கேள்விகளை மூன்று முறை கொடுங்கள். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, தன்னையே கேள்வி கேட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்கிறது என்பது ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையின் முடிவு. என் அனுபவமும் அதேதான்.

வீட்டுப்பாடமே வேண்டாம் என்று கொடி பிடிக்கும் ஆள் நான் இல்லை. கணக்கை வகுப்பில் பார்த்தால் புரிகிற மாதிரி இருக்கும், தனியாக உட்கார்ந்தால்தான் புரியவில்லை என்பது புரியும். ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறதே. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைப் பல ஆண்டுகள் தொகுத்துப் பார்த்தவர், வீட்டுப்பாடத்துக்கு ஆதரவானவர். அவரே பரிந்துரைத்தது பத்து நிமிட விதி: எத்தனையாவது வகுப்போ, நாளுக்கு அத்தனை பத்து நிமிடம். ஒன்பதாம் வகுப்புக்கு 90 நிமிடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டு மணி நேரம். எல்லாப் பாடமும் சேர்த்து. அந்தக் கடைசி மூன்று சொற்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் தங்கை ஒன்பதாம் வகுப்பு. நான் வீட்டுக்குள் நுழையும் பதினொன்றே காலுக்கு அவளும் அதே மேசையில் உட்கார்ந்து வினாவையும் விடையையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள். பார்த்து எழுதும் வேலையால் கையெழுத்து வேண்டுமானால் முன்னேறலாம். எங்கள் ரெக்கார்டிலும் பாதி அந்த ரகம்தான். கையேட்டில் அச்சாகியிருக்கும் செய்முறையை அப்படியே தாளில் எழுதுகிறோம். அதை எடுத்துவிட்டு அளவீடும், முடிவும், "எங்கே தப்பு வந்திருக்கலாம்" என்ற ஒரு பத்தியும் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம், உங்களுக்கும் திருத்துவது சுலபம்.

மிச்சம் என்றதும் தூக்கம் நினைவுக்கு வருகிறது. நேரம் பற்றாமல் போகும்போதெல்லாம் நான் கடன் வாங்கும் இடம் அதுதான். வாங்குவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று சொன்னது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 என்று அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியிருந்தது. அந்த நான்கு கெடு வாரத்தில் நான் தூங்கியது இரவுக்கு நாலரை மணி நேரம். வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே பொருளை இரண்டு முறை பில் போட்டேன். அவர் கவனித்துச் சொன்னார், மன்னிப்புக் கேட்டேன், மேலாளரிடம் விளக்கம் சொன்னேன். வெள்ளி காலை உங்களில் ஒருவர் வகுப்பில் என்னைத் தட்டி எழுப்பினீர்கள். முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னீர்கள். அந்தக் கனிவுக்கு நன்றி. ஆனால் நீங்கள் எழுப்பியது உங்கள் நால்வரின் கெடுவையும் முடித்துவிட்டு வந்த ஆளைத்தான்.

இனி எழுதக் கூச்சமாக இருக்கும் ஒரு விஷயம். நேரமில்லை என்று இவ்வளவு புலம்பும் நான் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறேன் தெரியுமா? போனைப் பார்க்கிறேன். நோட்டில் நேர்மையாகக் குறித்து வைத்ததால் மறைக்க முடியவில்லை: பல நாள் முக்கால் மணி நேரம், சில நாள் ஒன்றரை. அசைன்மென்ட் காத்திருக்கும், தூக்கம் கண்ணைக் கட்டும், அப்போதும் விரல் தள்ளிக்கொண்டே இருக்கும். இது சோம்பல் என்றுதான் வெகுநாள் நினைத்தேன். பகலில் தனக்கென்று ஒரு நிமிடம்கூட வாய்க்காதவர்கள் ராத்திரியில் தூக்கத்தைத் திருடி அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சீன மொழியில் இதற்குப் பழிவாங்கும் விழிப்பு என்கிற பொருளில் ஒரு தொடரே உண்டாம். யாரைப் பழிவாங்குகிறோம் என்றுதான் தெரியவில்லை, காலையில் தலைவலி எனக்குத்தான். இப்போது ஷிப்ட் இல்லாத நாளில் மாலை ஆறு முதல் ஏழு வரை எதுவும் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். மாடியில் உட்கார்ந்திருப்பேன், இல்லையென்றால் தங்கையோடு கேரம். அந்த நாட்களில் ராத்திரி போனை எடுக்கும் நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. திட்டமும் பட்டியலும் செய்யாததை அந்த ஒரு மணி நேரம் செய்தது.

சும்மா இருக்கும் நேரம் கேட்பது ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 24ஆவது பிரிவே ஓய்வும் ஓய்வுப் பொழுதும் எல்லோருக்கும் உள்ள உரிமை என்பதுதான். குழந்தைகளுக்காக 1989இல் வந்த ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. நான் இதைச் சொல்லி வழக்குப் போடப் போவதில்லை. 19 மணி நேரம் மிச்சம் என்று மேலே போட்டேனே, அதில் 11ஐ வீட்டுப்பாடம் எடுத்துக்கொண்ட அந்த முதல் வாரத்தில் என்னிடம் இருந்தது எட்டு மணி நேரம். கேரம் பலகை இறங்கவே இல்லை.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. பருவத் தொடக்கத்திலேயே, ஆறு பேரும் பார்க்கும்படியாக ஒரே ஒரு தாளில் தேதிகளை எழுதுங்கள். ஒரு தேதி போடும் முன் அந்த வாரத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கண் பாருங்கள். ஒவ்வொரு அசைன்மென்ட்டின் தலைப்பிலும் எவ்வளவு நேரம் ஆகும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, முடித்துக் கொடுக்கும்போது கீழே உண்மையில் ஆன நேரத்தை நாங்கள் எழுதுகிறோம். இரண்டு பருவத்தில் உங்கள் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். பருவத்துக்கு இரண்டு முறை, காரணம் கேட்காமல் இரண்டு நாள் தாமதத்தை அனுமதியுங்கள். இப்போதும் நீங்கள் அனுமதிக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அறைக் கதவருகே நின்று, மற்ற ஆசிரியர்கள் காதில் விழும்படி, வீட்டில் என்ன நிலைமை, ஏன் வேலைக்குப் போகிறேன், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சில நேரம் இரண்டு நாளைக்காக அதையெல்லாம் சொல்ல மனம் வராமல் அரைகுறையாகவே கொடுத்துவிடுகிறேன். என் பெயருக்கு நேரே இருக்கும் குறைந்த மதிப்பெண்களில் இரண்டு அப்படி வந்தவை. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குக் கெடு நீள்கிறது, வாய் வராதவர்களுக்கு நீள்வதில்லை. ஒரு சீட்டாகக் கொடுத்துவிட்டால் யாரும் கதை சொல்ல வேண்டாம், நீங்களும் எது உண்மை எது புளுகு என்று யோசிக்க வேண்டாம்.

குழு புராஜெக்டுக்கு ஒரே வரி: எல்லோரும் ஒன்றாகக் கூடித்தான் செய்ய வேண்டும் என்பதை மட்டும் தளர்த்துங்கள். என் குழுவினர் ஆறு மணிக்குக் கூடும்போது நான் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். "அவன் வரவே மாட்டான்" என்ற பெயர் வாங்கியாயிற்று. பகுதியைப் பிரித்துக் கொடுத்தால் ராத்திரி ஒரு மணிக்கானாலும் என் பங்கை முடித்து வைப்பேன்.

இந்த மடலை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று, பெரும்பாலும் கடை இடைவேளைகளில், போனில். சில்லறை நேரத்தில் கட்டுரை எழுத முடியாது என்று மேலே சொன்னேனே, தாவித் தாவிப் போயிருக்கும் இடங்களைப் பார்த்தால் அதற்கு இதுவே சாட்சி.

அடுத்த மாதத்துக்கான தாள் ஒன்றை நானே கோடு போட்டுத் தயார் செய்து வகுப்புப் பிரதிநிதியிடம் கொடுத்திருக்கிறேன். திங்கள் காலை ஆசிரியர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். இதுவரை நீங்கள் வகுப்பில் சொன்ன தேதிகளை அதில் எழுதிவிட்டேன். 17ஆம் தேதிக் கட்டத்தில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறீர்கள். நான்காவதாக யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், 24 காலியாக இருக்கிறது. அந்த வாரம் என் ஷிப்ட் பட்டியலும் இன்னும் ஒட்டப்படவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்